லீ 45

லீயை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் லீயைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. லீ கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிற ஆள். வயது நாற்பத்தைந்து. அகன்ற தோள், உப்புக் காற்றில் ஊறிய தொண்டை, முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கும். பர்ஸ்லெம் என்ற பிரிட்டிஷ் ஊரின் பங்க் இசைக் கூட்டம் 1982 முதல் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நங்கூரத்தை யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

கேய்னர் ஷெர்ரட்டுக்கு லீ என்றால் உயிர். அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷமாக ஹான்லிக்கும் டன்ஸ்டலுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறாள். முடியை இன்னமும் ஒட்ட வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஊதா அடித்துக்கொள்வாள். பஸ்ஸில் ஏறுகிற கிழவிகள் "இந்த வாரம் நல்லா எடுத்துருக்கு கலரு, வாத்து" என்பார்கள். அந்த ஊரில் ஆணோ பெண்ணோ, மேயரோ பால்காரரோ, எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான்.

அவள் வீட்டு முன்னறையில் முப்பத்துநான்கு இசைத்தட்டுகள் உண்டு. எல்லாம் எண்பதிலிருந்து எண்பத்தைந்துக்குள் வந்த பிரிட்டிஷ் ஹார்ட்கோர் பங்க். கறுப்பு வெள்ளை உறை, செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து, மடித்ததைப் பிரித்தால் சுவரொட்டி. விலையை உறையிலேயே பெரிதாக அச்சிட்டு "இதற்கு மேல் கொடுக்காதே" என்று போட்டிருக்கும். கடைக்காரன் கொள்ளையடித்துவிடக் கூடாதே என்று பாடுகிறவன் கவலைப்பட்ட காலம் அது. கேய்னர் அவற்றை அகரவரிசையில் அடுக்கவில்லை. எந்தத் தட்டு தன்னை என்ன செய்தது என்கிற வரிசையில் அடுக்கியிருந்தாள். இடது ஓரத்தில் 'அரை ரொட்டி' குழுவின் தட்டு: ஒன்பது நிமிஷத்தில் பதினொரு பாட்டு. அதன் உறைக்குள் இருந்த துண்டறிக்கையைப் படித்த அன்றே கறி தின்பதை நிறுத்தினாள். அவளுடைய அம்மா ஆறு மாசம் ஓட்ஸ் தோசைக்குள் பன்றிக்கறியை ஒளித்து வைத்துப் பார்த்தாள், பிறகு சீஸுக்கு மாறினாள். அடுத்தது 'தூசி மழை'. அணுகுண்டுக்கு ஆசீர்வாதம் சொன்ன பாதிரியாரைப் பற்றி ஒரு பாட்டு அதில் இருந்தது. அதைக் கேட்ட பிறகு தேவாலயப் பக்கம் அவள் போகவில்லை. அங்கே நடக்கும் கேக் விற்பனைக்கு மட்டும் போவாள். கேக் என்ன பாவம் செய்தது?

வலது ஓரத்தில், தனியாக, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய தட்டு. 'வெள்ளை அறிக்கை' என்ற குழு வெளியிட்ட ஒரே தட்டு. ஐந்நூறு பிரதிதான் அடித்தார்கள். அதில் ஒன்றைத்தான் கேய்னர் பதினேழு வயதில் தபாலில் வரவழைத்தாள். உறையில் ஆள் படமே இல்லை. பின்பக்கத்தில் தட்டச்சு செய்த பாட்டு வரிகள், அதன் கீழே "குரல்: லீ", ஒரு கிரிம்ஸ்பி முகவரி. அவ்வளவுதான்.

வயது எப்படித் தெரிந்தது? தட்டில் பாட்டுக் கோடுகள் முடிந்த பிறகு, நடு லேபிளுக்கு முன்னால், வெறுமையாகப் பளபளக்கும் ஒரு வளையம் உண்டு. அந்தக் காலத்துக் குழுக்கள் அதில் ஊசியால் கீறி ஏதாவது எழுதிவைப்பார்கள். ஒரு வசவு, ஒரு நக்கல், யாராவது சிநேகிதன் பேர். இந்தத் தட்டில் "லீ 45" என்று கீறியிருந்தது. வேறு என்னவாக இருக்க முடியும்? அந்தக் குரலைக் கேட்டால் நாற்பத்தைந்துக்குக் குறைத்துச் சொல்லவும் முடியாது. நிலத்துக்கு அடியிலிருந்து புறப்பட்டு வருகிற குரல். நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாட்டு. மற்றக் குழுக்களெல்லாம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளை அறிக்கை மட்டும் கனமான வண்டியை மேட்டில் தள்ளுவதுபோல வாசித்தது. அதனால்தான் அது தனி என்றார்கள்.

2023இன் வசந்தத்தில் கேய்னருக்கு ஒரே ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய பழைய குழு 'ஈரச் சிமெண்டு' மூன்று வாரத்தில் ஒரு கச்சேரி செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஊர் உணவு வங்கியின் பெரிய ஃப்ரீசர் பழுதாகிவிட்டது, அதற்காக. உலகத்துக்கே கப்பல் கப்பலாகப் பீங்கான் தட்டு செய்து அனுப்பிய ஊரில், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண் சீருடையோடு வந்து இலவசப் பட்டாணிக்கு வரிசையில் நிற்கிறாள். தட்டு செய்தவர்களுக்குத் தட்டில் போட ஒன்றுமில்லை. இதைக் கேட்டு யாருக்காவது வெட்கம் வர வேண்டுமென்றால் அது அவளுக்கல்ல. சரி, கச்சேரி உண்டு, பாடகர்தான் இல்லை. முன்பு பாடிய நெவில் ஸ்பெயினில் குடியேறி, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவராகிவிட்டார். கிட்டார் வாசிக்கும் கிளைவ் டன்னிக்ளிஃப் ஊரெல்லாம் பாடகர் தேடிக்கொண்டிருந்தான். அவன் குழாய் வேலைக்காரன். தலையின் வடிவத்தால் பள்ளிக்கூடத்திலேயே 'உருளைக்கிழங்கு' ஆனவன். இன்றுவரை அவன் உருளைதான்.

"ஒருத்தன் இருக்கான், லாங்டன்ல. கசாப்புக் கடை. நல்ல கட்டைக் குரல்" என்றான் ஒத்திகையில்.

"நான் கறி சாப்பிடாதவ. நம்ம பாட்டுல பாதி கறிக்கு எதிரா. கசாப்புக் கடைக்காரனையா கூட்டிட்டு வர்ற?" என்றாள் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கேய்னர்.

"குரலைத்தானே கேக்குறோம் வாத்து, தொழிலையா கேக்குறோம்?"

பேஸ் கிட்டார் வாசிக்கும் டெஸ்மண்ட் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் 1981இல் குழுவில் சேர்ந்தவர். அன்றிலிருந்து மொத்தம் இருபது வாக்கியம் பேசியிருப்பார்.

கேய்னர் குச்சிகளை மடியில் வைத்தாள். சொல்ல நினைத்தது வேறு. நான் பாடுறேன். இரண்டே சொல். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

*

அப்போது அவள் பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குக் கைப்பிடிக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் அதே கோப்பையைத் தூக்கி அடுக்குகிற ஆணுக்கு வாரத்துக்குப் பதினொரு பவுண்டு அதிகம். ஏனென்று மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்றார். அவனுக்குப் பத்தொன்பது வயது, அம்மா வீட்டில் தின்றுகொண்டிருந்தான். கேய்னர் அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினாள். எட்டே வரி. மறுநாள், பிள்ளைகளுக்கு பைபிள் சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் அறையில் நடந்த ஒத்திகைக்குக் கொண்டுபோனாள்.

"நான் எழுதினது. நானே பாடுறேன்."

உருளை தாளை வாங்கிப் படித்தான். "வரி நல்லாருக்கு. கொஞ்சம் பொம்பளப் புலம்பலா இருக்கு, ஆனா நல்லாருக்கு. நெவில் பாடட்டும்."

"ஏன், எனக்கென்ன?"

"வாத்து, உன் குரல் கீச்சுனு இருக்கு. ஆவேசம் வராது, எரிச்சல்தான் வரும்." அவளுடைய தட்டையே எடுத்து, ஒத்திகைக்கு அவள் தூக்கி வந்திருந்த பிளேயரிலேயே போட்டான். லீ உறுமினான். "இதுதான் குரல். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளையோட குரல். உன்னால இப்படி முடியுமா, சொல்லு."

அவள் முயன்றாள். தாடையை மார்போடு அழுத்தி, வயிற்றிலிருந்து இழுத்து, முடிந்த மட்டும் அடித்தொண்டைக்கு இறங்கிப் பார்த்தாள். மூன்று நாள் பேச்சே வரவில்லை. ஆலையில் கேட்டதற்கெல்லாம் கையைக் காலை ஆட்டிப் பதில் சொன்னாள். நான்காம் நாள் டிரம்ஸில் போய் உட்கார்ந்தவள்தான். நன்றாகத்தான் வாசித்தாள். லீயின் தட்டுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, கனமாக. உருளையும் லீயின் கிட்டார் போல ஒலிக்க வேண்டுமென்று கம்பிகளை அவ்வளவு தளர்த்தினான், துணி காயப்போடலாம். ஊரிலிருந்த ஒரே தட்டு அவளுடையதுதான். அதிலிருந்து கேசட் பதிவெடுத்து, கேசட்டிலிருந்து கேசட் எடுத்து, பர்ஸ்லெம் முழுக்க அந்த நடை பரவியது. மற்ற ஊர்க்காரர்கள் ஈரச் சிமெண்டைக் கேட்டுவிட்டு, "பேரு பொருத்தம்டா, இன்னும் காயலை" என்றார்கள். எண்பத்துநான்கில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குக் கஞ்சிக் காசு சேர்க்க வாசித்தபோது ஒரு கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி கேய்னரிடம் வந்து, "நல்லாருந்துச்சு வாத்து. சவ ஊர்வலம் யாரோடது?" என்று கேட்டார்.

இதில் விசேஷம் என்னவென்றால், லீயின் தட்டில் ஒரு பாட்டு கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற பெண்ணைப் பற்றியது. பின்னால் காலடிச் சத்தம், கையில் விரலிடுக்கில் சாவி. அதை உருளை கண்ணீர் மல்கப் புகழுவான். "ஆம்பளையா இருந்துட்டு என்ன மனசுடா அவனுக்கு! பொம்பளைக்குள்ள புகுந்து எழுதியிருக்கான்." ஆண் எழுதினால் மனசு, பெண் எழுதினால் புலம்பல். இந்தத் தராசை அந்தக் கூட்டத்தில் யாரும் சந்தேகிக்கவில்லை. அரசாங்கம், தேவாலயம், ராணுவம், பள்ளிக்கூடம் எதையும் நம்பாதே என்று நாளெல்லாம் கத்திய கூட்டம் அது.

கேய்னர் அந்த வருஷமே உறையிலிருந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டாள். "அன்புள்ள லீ சார், உங்களுக்கு மட்டும் இந்தக் குரல் எப்படி வந்தது?" ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. பென்சிலில், கிறுக்கலாக: "சார்னு கூப்பிடாதே. நான் சார் இல்ல. குரல்ல ஒரு ரகசியமும் இல்ல. எங்கம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரி கத்துறேன், அவ்வளவுதான். லீ."

அந்த அட்டையைக் கூட்டமே கொண்டாடியது. "பாத்தியா! மேல கீழ கிடையாதுங்குறான். சார் பட்டமே வேண்டாம்ங்குறான். இவன்டா உண்மையான அனார்க்கிஸ்ட்!" என்றான் உருளை. நாற்பத்தைந்து வயதிலும் அம்மாவை நினைக்கிறானே என்று கேய்னருக்கு நெஞ்சு இளகியது. அட்டையைத் தட்டின் உறைக்குள்ளேயே வைத்தாள்.

*

தொழிலாளர் கிளப்பின் மாடி அறையில் மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குத் தட்டுக் கூட்டம். ஆளுக்கு மூன்று தட்டு கொண்டுவரலாம். போட்டு, ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்லலாம். முப்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள், ஒட்டுப் போட்ட தோல் ஜாக்கெட்டும் முட்டிவலித் தைலமும் சேர்ந்து ஒரு வாசனை. கச்சேரிக்கு ஆறு நாள் இருந்தது. கசாப்புக் கடைக்காரர் இன்னும் உறுதி சொல்லவில்லை.

கேய்னருக்கு முன்னால் போட்டவர் மூன்றும் சின்னத் தட்டாகப் போட்டார். சின்னத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு முப்பத்துமூன்று. குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பெரிய தட்டைப் போடும்போது பித்தானை மாற்ற வேண்டும். கேய்னர் அன்று காலை எட்டு மணி நேர ஷிப்டு முடித்துவிட்டு நேரே வந்திருந்தாள். மாற்றவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்ச தட்டுதான். வெள்ளை அறிக்கை. இதைக் கேட்டுத்தான் நான் மனுஷியானேன்" என்று சொல்லி ஊசியை இறக்கினாள்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தது. அப்படித்தான் இருந்தது. நாற்பத்தொரு வருஷமாக மேட்டில் தள்ளிய வண்டி திடீரென்று பள்ளத்தில் பிரேக் இல்லாமல் பாய்ந்தது. அதன் மேலே ஒரு குரல்: மெல்லியது, கூரானது, பிளேடு மாதிரி. பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் குரல்.

"ஸ்பீடு! ஸ்பீடு! மாத்து வாத்து!" உருளை பீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் பாய்ந்து வந்தான். பின்னாலிருந்து யாரோ, "லீக்கு என்னாச்சு, எலிப்பொறியில வாலை விட்டுட்டானா?" என்றார். அறை சிரித்தது.

உருளையின் கை பித்தானுக்கு வந்தபோது அங்கே கேய்னரின் கை இருந்தது.

"கையை எடு உருளை."

"முப்பத்துமூணுல போடணும்..."

"தெரியும். கையை எடு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இன்ஜினைக் கேட்பதுபோல, தலையைக் கொஞ்சம் சாய்த்து. இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவே ஒரு சத்தம் வரும். லீ கரடி மாதிரி உறுமுகிற சத்தம். ஊரில் எல்லாருக்கும் பிடித்த இடம், கேசட்டில் அதை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். இரண்டாவது பாட்டு முடிந்தது. 

கரடி உறுமவில்லை. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். யாரோ ஏதோ தப்பாக வாசித்துவிட்டார்கள், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அடக்கிக்கொண்டு "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்றாள். மூன்றாவது பாட்டு தொடங்கியது.

பின்னாலிருந்தவர்கள் எழுந்து பிளேயர் பக்கம் வந்தார்கள்.

"இது பொண்ணு" என்றாள் கேய்னர்.

"என்ன சொல்ற நீ? எந்த ஆம்பளையை வேகமா ஓட்டினாலும் குரல் இப்படித்தான் மெலியும். இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்றான் உருளை. அவன் காது சிவந்திருந்தது.

"நல்ல கேள்வி. ஆதாரம் பாத்துடுவோம். சுவர்ல கிட்டார் மாட்டியிருக்கு, எடு. கம்பியை ஊர் உலகத்துல எல்லாரும் கூட்டுற மாதிரி கூட்டு. உன் கொடிக்கயிறு மாதிரி வேண்டாம்."

அவன் கூட்டினான். செல்பேசியில் சுதி பார்த்துப் பார்த்து ஆறு கம்பியையும் ஒழுங்காக முறுக்கினான். கேய்னர் முதல் பாட்டுக்கு ஊசியைத் தூக்கி வைத்தாள். உருளை தட்டோடு சேர்ந்து வாசித்தான். கை மட்டும் பழையபடி போன இடத்துக்குப் போனது. சாவி பூட்டில் திரும்புவதுபோல இரண்டு கிட்டாரும் ஒன்றில் ஒன்று பொருந்தின. எந்தக் கம்பியையும் தளர்த்த வேண்டியிருக்கவில்லை. கிரிம்ஸ்பியில் யாரோ ஒரு சாதாரணப் பையன் சாதாரணக் கிட்டாரைச் சாதாரணமாகக் கூட்டி வாசித்திருக்கிறான். அவ்வளவுதான். உருளை வாசிப்பதை நிறுத்தினான்.

டெஸ்மண்ட் எழுந்து வந்தார். தட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்த வெறும் வளையத்தைப் பார்த்தார். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள்ல வேகம் போட மறந்துட்டாங்க" என்றார். பிறகு, "லீ நாப்பத்தஞ்சு. அது வயசில்ல" என்றார்.

டெஸ்மண்டின் கையிலிருந்த தட்டை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வெடித்தது சிரிப்பு. மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்கள். "நங்கூரம்! நங்கூரம் யாருடா வரைஞ்சது?" "மீன்பெட்டி!" "ஏண்டா, நாம வாசிச்சதெல்லாம் முழுக்க... சவ ஊர்வலம்!" ஒருவர் சிரிப்போடு இருமி, பல்செட்டைப் பிடித்துக்கொண்டார். யாரையும் நம்பாதே என்று கத்திய ஒரு தலைமுறை, ஒரே ஒரு விரலால் ஒரு பித்தானைத் திருப்பிப் பார்க்காமல் நாற்பத்தொரு வருஷம் ஒரு ஆம்பளையை நம்பியிருக்கிறது. அதுவும் இல்லாத ஆம்பளையை.

கேய்னரும் சிரித்தாள், முதலில். பிறகு தட்டை உறையில் போடும்போது அஞ்சலட்டை விரலில் பட்டது. எடுத்துப் படித்தாள். நான் சார் இல்ல. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பென்சிலால் வெளிப்படையாக எழுதித்தான் அனுப்பியிருந்தாள். அதையும் கொள்கை விளக்கமாக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள். அவளும் சேர்ந்து கொண்டாடினாள். உருளையை மட்டும் திட்டிப் பயனில்லை. பிளேயர் அவளுடையது, தட்டு அவளுடையது, விரலும் அவளுடையதுதான்.

உருளை வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கிட்டாரை இன்னும் மடியில் வைத்திருந்தான்.

"அன்னைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில... நான் உன்னை..."

"ம்."

"நான் ஒரு மடையன் வாத்து."

"அது ஊருக்கே தெரியும். புதுசா ஏதாவது சொல்லு."

அவன் குனிந்து கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சரி, நான் சொல்றேன். சனிக்கிழமை நான் பாடுறேன்" என்றாள் கேய்னர். "கேக்கலை உருளை, சொல்றேன். கசாப்புக் கடைக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடு."

"டிரம்ஸ்?"

"அதுவும் நான்தான். ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலை செய்யும்போது வாய் மட்டும் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

*

வீட்டில் அவள் புருஷன் ராய்ஸ்டன் வெங்காயம் நட்டுவிட்டு வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். பித்தளை வாத்தியக் குழுதான் அவருக்குச் சங்கீதம். அவளுடைய தட்டுகளை 'வீடு இடிக்கிறவங்க' என்பார். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பொண்ணுக்கு இப்போ உன் வயசு இருக்கும்" என்றார்.

"ஆமா."

"கடிதாசி போடேன். முகவரி இருக்குல்ல?"

"அது அவங்கம்மா வீடா இருக்கும். நாப்பது வருஷம் ஆச்சு."

"போடு. தபால்காரன் சொல்றேன். ஆளு போயிருக்கலாம், வீடு அங்கேதான் நிக்கும்."

அவள் போட்டாள். "அன்புள்ள லீ, சார் இல்ல என்று இப்போதுதான் புரிந்தது" என்று தொடங்கி, இரண்டு பக்கம். பதில் வருமா வராதா என்று அவள் கணக்குப் போடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

பாடுவதுதான் சிக்கலாக இருந்தது. முதல் ஒத்திகையில் அவளுடைய தொண்டை தானாகவே அடிக்கு இறங்கியது. பழைய வழக்கம், நெவிலின் உறுமலைத் தேடிப் போனது. வந்தது தவளைச் சத்தம். வேகமும் ஒத்துவரவில்லை. புதிய வேகத்தில் மூன்றாவது பாட்டு முடிந்தபோது உருளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"மெதுவாவே வாசிச்சுடுவோமே? நமக்குன்னு ஒரு பேரு இருக்கு" என்றான் உருளை, மூச்சு விட இடம் கிடைத்தபோது.

"அந்தப் பேரு காயாத சிமெண்டு."

புதன்கிழமை பஸ் டன்ஸ்டல் நிறுத்தத்தில் நின்றிருந்தது. எதிர் வரிசை வீட்டில் ஒரு பெண் பின்கதவைத் திறந்து, ரயில் பாதைக்கு அந்தப்புறம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கத்தல் என்றால் அப்படியொரு கத்தல். மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவிலிருந்து புறப்பட்டு, இரண்டு பாதையையும் ஒரு சரக்கு ரயிலையும் தாண்டிப் போய்ப் பிள்ளைகளின் காதைப் பிடித்து இழுத்தது. கீச்சுக் குரல்தான். அதைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் வராமல் இருந்திருக்க முடியாது. கேய்னரின் அம்மாவும் இப்படித்தான் கூப்பிடுவாள். எல்லா அம்மாக்களும் கூப்பிடுகிறார்கள், நூற்றாண்டு நூற்றாண்டாக. ஆவேசம் வராது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

பஸ்ஸில் ஏழு பேர் இருந்தார்கள். கேய்னர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "ஒரு நிமிஷம், பயந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன் பாட்டின் முதல் வரியை ரயில் பாதைக்கு அந்தப்புறம் எறிந்தாள்.

பிள்ளைகளில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். முன்னிருக்கைக் கிழவி காதைத் தேய்த்துக்கொண்டு, "யாரை வாத்து சாப்பிடக் கூப்பிடுற?" என்றாள்.

*

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தேவாலயத்தின் பின்கூடத்தில் கச்சேரி. அறுபது எதிர்பார்த்தார்கள், நூற்றிருபது பேர் வந்தார்கள். ஓர் ஓரத்தில் டீயும் கேக்கும். உணவு வங்கிப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பீங்கான் ஆலையில் கேய்னரோடு காது ஒட்டிய இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். உருளை மைக்கை மேடையின் முன்னால் நிறுத்தியிருந்தான், பழக்க தோஷம். கேய்னர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சியால் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். அவன் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பியை வளைத்து, அவள் உதட்டுக்கு நேராக வைத்து, திருகாணியை இறுக்கினான். குழாய் வேலைக்காரனின் இறுக்கல், அசையவில்லை.

முதல் பாட்டு, கோப்பைக்குக் காது ஒட்டுகிறவளின் பதினொரு பவுண்டுப் பாட்டு. எட்டு வரி. நெவில் உறுமியபோது அதில் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கியதில்லை. இன்று எட்டும் எட்டுக் கல்லாகப் போய் விழுந்தன. "அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்ற வரி வந்தபோது முன்வரிசையில் ஆலைக்காரப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "ஆமாண்டி, அதேதான் சொன்னான் அந்தப் பாவி!" என்று கத்தினாள். கேய்னரின் குரல் கீச்சென்றுதான் இருந்தது. கூடத்தின் கடைசிச் சுவர்வரை போய், பாதிரியாரின் படத்தில் மோதித் திரும்பி வந்தது. ஒரு நிமிஷம் பத்து விநாடி. முடிந்தது.

இத்தனை வருஷமும் இந்தப் பாட்டு இரண்டரை நிமிஷம் ஓடியிருக்கிறது.

கைதட்டலுக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் வாயருகே இருப்பதை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டாள். கூடம் முழுக்க அது கேட்டது.

உருளை முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். முகம் பீட்ரூட். "அடுத்ததுக்குக் கொஞ்சம் வேகத்தைக் குறை வாத்து" என்று கெஞ்சினான். "மனுசன் செத்துருவான்."

"நாப்பத்தஞ்சு!" என்று கேய்னர் மைக்கில் கத்தி, தலைக்கு மேலே குச்சிகளை நான்கு முறை தட்டினாள்.